தண்ணீருக்கும் பட்டா உண்டு

பிள்ளைகளே,

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, சாக்குப் பையோடு நீங்கள் ஏரிக்கரையில் குனிந்து நிமிர்வதைப் பார்க்கிறேன். நல்ல காரியம். உங்கள் வயதில் நாங்கள் யாரும் அதைச் செய்ததில்லை. அப்போது ஏரியில் பொறுக்குவதற்கு ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம். "நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க தாத்தா" என்று கூப்பிட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் இரண்டு வார்த்தையோடு விடமாட்டேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

பாட்டிலையும் கவரையும் பொறுக்கி எடுத்துவிட்டால் ஏரி பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போயிற்று என்று பாருங்கள். சேதம் அங்கேதான் இருக்கிறது.

நான் நில அளவையில் வேலை பார்த்தவன். செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலில் சங்கிலி பிடித்து அலைந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய புலப்படங்களில் அளவெல்லாம் லிங்கில்தான் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் எல்லைக் கல்லைத் தேடுவதுதான் பிழைப்பு. அந்தப் படங்களில் மனிதருடைய நிலத்துக்கு எப்படி எல்லை போட்டிருக்கிறதோ, அதே மாதிரி தண்ணீருக்கும் போட்டிருக்கும். ஏரி, ஓடை, வாய்க்கால், கலங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி சர்வே எண், தனிப் பரப்பு, நாலா பக்கமும் எல்லை. ஆள் பேரில் இருக்கும் நிலத்துக்கு பட்டா என்கிறோம். அதில் ஒரு அடி உள்ளே வந்தால் வெட்டுக்குத்து வரை போகிறோம். தண்ணீர் பேரில் இருப்பதைப் புறம்போக்கு என்று எழுதி வைத்தோம். கேட்க ஆளில்லாத நிலம் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டோம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே தரை மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. லெவல் கருவி வைத்தால் தெரியும், இல்லையென்றால் நல்ல மழை பெய்தால் தெரியும். அந்தச் சரிவில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. மேலே இருப்பது நிறைந்தால் கலங்கல் வழிந்து, வாய்க்காலில் இறங்கி, கீழே இருப்பதற்குப் போகும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். அங்கே பரந்து நின்று, தரைக்குள் இறங்கியதுபோக மிச்சம், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் சேரும். நம் ஊர் ஏரியும் இப்படி ஒரு வரிசையில் இருப்பதுதான். தனியாக ஒரு ஏரி என்று இந்தப் பக்கத்தில் எதுவுமே கிடையாது.

ஏரியின் அமைப்பையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஏரி கட்டியவர்கள் நாலு பக்கமும் கரை போடவில்லை. பள்ளமான பக்கம் மட்டும்தான் கரை, அதில்தான் மதகு, ஓரத்தில் கலங்கல். மேட்டுப் பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் தரை விரற்கடை விரற்கடையாகத் தாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் அந்தச் சரிவில் ஏறும். தை மாசியில் பின்வாங்கும். வைகாசியில் நடுவில் குட்டையாகச் சுருங்கிவிடும், சில வருஷம் சுத்தமாக வற்றிவிடும்.

வற்றினால் ஏரி செத்துவிட்டது என்று இப்போது எல்லோரும் பதறுகிறார்கள். வற்றியதால்தான் அது உயிரோடு இருந்தது. வற்றின ஏரியில் ஆடு மாடு மேய்ந்தன. விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை அள்ளிப் போய் வயலில் கொட்டினார்கள். மேட்டிலிருந்து மழை அரித்துக்கொண்டு வந்த சத்தெல்லாம் அப்படி வருஷாவருஷம் ஏரியை விட்டு வெளியேறி நெல்லாகிவிடும். மிச்சச் சேறு வெயிலில் வெடித்துக் காயும், உள்ளே காற்று போகும். மறுபடி மழை விழுந்ததும் தவளை கத்தும், விராலும் குறவையும் வெளியே வரும், தட்டான் முட்டையிடும், இவற்றையெல்லாம் தின்னக் கொக்கும் நாரையும் இறங்கும். சத்து வந்தது, சத்து போயிற்று. கணக்கு ஒவ்வொரு வருஷமும் நேராயிற்று.

நகரம் வந்து இதை எப்படிக் கெடுத்தது என்று கேட்டால், ஏரிக்குள் கட்டிய வீட்டை எல்லோரும் கைகாட்டுவார்கள். அது கடைசியில் நடந்தது. முதலில் போனது ஏரிக்குக் கீழே இருந்த வயல். ஆயக்கட்டு நஞ்சையை மனை போட்டு விற்றார்கள். சட்டப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பட்டா நிலம், சொந்தக்காரர் விற்றார், இன்னொருவர் வாங்கினார், மகள் கல்யாணம் நடந்தது. ஆனால் வயல் போன அன்றைக்கே மதகைத் திறக்கவும் மூடவும் ஆள் தேவைப்படவில்லை. நீர்க்கட்டி வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வண்டல் அள்ள வண்டி வரவில்லை. கரையில் வளை விழுந்தால் அடைக்க ஆள் வரவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலை முறைக்காகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழுவும் இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 1,100 வருஷம் ஆகிறது. அத்தனை காலம் ஏரியைக் காப்பாற்றியது இயற்கை மேல் இருந்த பாசம் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தேவை போனதும் ஏரி அனாதையாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அனாதைச் சொத்துக்கு நடப்பதுதான்.

அடுத்து வாய்க்கால். படத்தில் 30 லிங்க் அகலம் இருக்கும், கிட்டத்தட்ட 20 அடி. தரையில் போய்ப் பார்த்தால் இரண்டு காம்பவுண்ட் சுவருக்கு நடுவே ஒன்றரை அடியில் ஒரு சிமெண்டுக் காடி. இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் ஒருவர் கார் உள்ளே போவதற்காக வாய்க்கால் மேல் சிலாப் போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் சிலாப்புக்கு மேலே படி வைப்பார். எதிர் மனைக்காரர், "அவர் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாரே" என்று தன் சுவரை இந்தப் பக்கம் தள்ளுவார். மண் மேவி, முள் மண்டி, இங்கே தண்ணீர் ஓடியதே இல்லை என்று ஒரு தலைமுறை சொல்ல ஆரம்பிக்கும். பிறகு ஒரு மழையில் தெரு மூழ்கும். தெருவே சேர்ந்து மனுக் கொடுக்கும். மழைநீர் வடிகால் என்று ஒரு காங்கிரீட் பெட்டி வரும். அது கட்டி முடிந்த கொஞ்ச நாளில், இரவோடு இரவாக ஒரு வீட்டின் கழிவுக் குழாய் அதில் சொருகப்படும். ஒரு குழாய் போனால் அப்புறம் தெருவே போகும். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் கொண்டு வந்த வாய்க்கால், இப்போது வருஷம் முழுக்கச் சாக்கடை கொண்டு வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெளியே பார்க்கிறவனுக்கு ஏரி முன்னைவிட நன்றாகத்தான் தெரியும். கோடையிலும் வற்றுவதில்லை, பச்சைப் பசேல் என்று இருக்கிறது. அந்தப் பச்சை வெங்காயத் தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சாக்கடைச் சத்தைத் தின்று கொழுக்கும். மேலே பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டால் கீழே வெளிச்சம் போகாது. அடியில் பாசியும் செடியும் அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகும். ஒரு விடியற்காலையில் கெண்டையெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அன்றைக்குப் போலீசில் புகார் போகும். யாரும் தனியாக விஷம் வைக்க வேண்டியதில்லை; எல்லோரும் தினமும் காலையில் ஃபிளஷ் இழுத்தாலே போதும்.

அந்தத் தண்ணீரிலும் சில பிழைத்திருக்கும். மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கும். வளர்க்கக் கூடாது என்று அரசு தடை செய்த மீன், ஊர்க் குஞ்சு மீனையெல்லாம் விழுங்கிவிடும். கியூலெக்ஸ் கொசு இருக்கும். சாக்கடைத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம், யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். கொசுப் புழுவைத் தின்கிற மீனும் தட்டான் குஞ்சும் அந்தத் தண்ணீரில் இருக்க முடியாமல் போய்விட்டன. அதற்குப் பதிலாக மாநகராட்சிக்காரர் புகை அடிக்கிறார். காக்கை, புறா, எலி, கொசு என்று நம்மோடு ஒட்டிக்கொண்டு பிழைக்கத் தெரிந்தவை பெருகும், மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். நகரம் பரவும் இடத்திலெல்லாம் இதுதான் நடக்கிறது. உயிர்களின் எண்ணிக்கை குறைந்த மாதிரி தெரியாது, வகை குறைந்திருக்கும்.

இப்போது பள்ளிக்கரணைக்கு வாருங்கள், எல்லாத் தண்ணீரும் போய்ச் சேரும் இடம். 1965 வாக்கில் அந்தச் சதுப்பு ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்ததாகக் கணக்கு. நெல் விளையாது, வரி வராது. வரி வராத நிலம் பழைய வருவாய்க் கணக்கில் தரிசு. தரிசு என்று ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால், அதை யாருக்கு வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெருங்குடியில் நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தார்கள். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்கு ரேடியல் சாலை குறுக்கே போயிற்று. கிழக்கு ஓரத்தில் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் ஏறியது; குறித்த பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அதே 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. இன்றைக்கும் பனிக்காலத்தில் போனால் பூநாரைக் கூட்டம் நிற்கும், பின்னால் குப்பைமேடும் தெரியும். பூநாரையை மட்டும் வெட்டியெடுத்துப் போட்ட படத்தைத்தான் எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள்.

சதுப்பு சுருங்கினதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. அத்தனை ஏரியின் தண்ணீரும் வந்து தங்கி, ஒரே வாயால் வடிய வேண்டிய இடம் அது. நடுவே சாலை போனால், கீழே எத்தனை குழாய் விட்டாலும், பரந்து நகர்ந்த தண்ணீர் நாலைந்து துளையைத் தேடி முண்டியடிக்க வேண்டியதுதான். வடிகிற வாய் குறுகிப்போனால், பின்னால் இருக்கும் ஏரிகளெல்லாம் எதிர்த்துக்கொண்டு நிற்கும்.

2015 டிசம்பர் முதல் தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் நனையத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவில் படகு விட்டார்கள் என்று ஒரு பழைய கிராமப் படத்தை எடுத்து ஒட்டிப் பாருங்கள். தண்ணீர் புதிதாக எங்கும் போகவில்லை. தன் சர்வே எண்ணில்தான் வந்து நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் அதேதான். நடுவில் 2019. குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காய்ந்து, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. ஒரு வருஷம் படகு, ஒரு வருஷம் ரயில். நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீரை நிற்க விடாததற்கு இரண்டும் சேர்ந்ததுதான் பலன். தரை முழுக்க சிமெண்டும் தாருமாக மூடின ஊரில் மழை இறங்க இடமில்லை. ஓடும், ஓடி முடிந்ததும் ஒன்றும் இருக்காது.

ஐ.டி. கம்பெனிகள் வந்துதான் ஊரைக் கெடுத்தன என்று என் வயதுக்காரர்கள் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற தியாகராய நகர் ஏரிக்குள் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீளமாக இருந்த ஏரியை 1920களில் தொடங்கித் தூர்த்து எழுப்பின ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது, அங்கே நின்று எந்த ஏரியைப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரி இருந்த இடத்தில்தான். முகப்பேரில் அரசு வீட்டுவசதித் திட்டத்துக்கே ஏரித் திட்டம் என்று பெயர். அரசாங்கமே வழிகாட்டிய பாதையில்தான் தனியார் பின்னால் வந்தார்கள்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எடுத்ததும் குடிசையை நோக்கி விரல் நீட்டுகிறோமே, அதையும் கொஞ்சம் மடக்குங்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை நீர்நிலை ஆக்கிரமிப்பாளர் என்று பேர் வைத்து அப்புறப்படுத்தினார்கள். அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். எல்லாம் இந்தச் சதுப்பின் ஓரம், தண்ணீர் வடிந்து வருகிற பள்ளம். ஆற்றங்கரையில் தண்ணீர் வருகிறது என்று கிளப்பி, சதுப்பங்கரையில் தண்ணீருக்குள் குடிவைத்தோம். ஏழைக்குப் பள்ளத்தில் இடம் கொடுப்பதும் பணக்காரர் பள்ளத்தை மேடாக்கிக்கொள்வதும் ஒரே ஊர்த் திட்டத்தின் இரண்டு பக்கம். மேடாக்கிய மனையிலிருந்து தள்ளப்பட்ட தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நீங்கள் செய்கிற வேலையைப் பற்றி. போன மாதம் நீங்கள் காட்டின பிளானைப் பார்த்தேன். ஏரியை மீட்கிற திட்டம் என்று தலைப்பு. எல்லா ஊரிலும் இந்த மாதிரித்தான் நடக்கிறது, உங்களைக் குறை சொல்லவில்லை. பொக்லைன் வரும். நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்துவார்கள். அள்ளின மண்ணை மேட்டுப் பக்கத்திலும் கரையாகப் போட்டு, கல் பதித்து, மேலே டைல்ஸ் நடைபாதை, கம்பி வேலி, விளக்குக் கம்பம். நடுவில் ஒரு தீவு, அதில் நாலு மரக்கன்று. திறப்பு விழாவுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஏரி இல்லை, ஒரு பெரிய குளியல் தொட்டி.

மேட்டுப் பக்கம் கரை போட்டதும், அந்தப் பக்கத்துத் தரையிலிருந்து பரவலாக இறங்கி வந்த மழைத்தண்ணீருக்குக் கதவு சாத்தியாயிற்று. அது முதல் சேதம். இரண்டாவது, ஓரம் போயிற்று. ஏரியில் உயிர் அதிகம் நடமாடுவது நடுவில் இல்லை, ஓரத்தில்தான். தண்ணீரும் தரையும் சேரும் அந்தச் சரிவை ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் நிற்கும். கணுக்கால் ஆழத்துக்கு வந்தால் அரிவாள் மூக்கன் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பவளக்கால் உள்ளான், உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் சிவப்புக் கால், அந்தக் காலே மிஞ்சினால் ஒரு சாண். தண்ணீர் விலகின ஈரச் சேற்றில் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும், பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கேயிருந்து பனிக்காலத்துக்கு இங்கே வருபவை. இன்னும் கொஞ்சம் மேலே, காய்ந்த தரையில் ஆள்காட்டி முட்டையிடும். ஒரு சாணுக்கு ஒரு குடும்பம். செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தினால் இந்த நாலு குடித்தனமும் காலி. நீர்க்காகமும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் மட்டும் மிஞ்சும், நீந்தத் தெரிந்தவை. அதையும் படம் பிடித்து, பறவைகள் திரும்பி வந்துவிட்டன என்று போடுவார்கள்.

ஓரத்தில் வளரும் கோரையையும் சம்பையும் புதர் என்று சொல்லி வழித்து எடுத்துவிடுகிறார்கள். சாக்கடையில் வரும் சத்தை உறிஞ்சிக்கொள்கிற செடிகள் அவை. நீலத் தாழைக்கோழி கூடு கட்டுவதும் அதற்குள்ளேதான். நடைபாதைக்கு விளக்குப் போட்டால் நடப்பவர்களுக்கு நல்லதுதான், எனக்கும் முட்டி வலிக்குத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆனால் ஏரியைப் பார்த்து அடிக்கிற விளக்கு ராத்திரியெல்லாம் பூச்சியை இழுத்துக் கொல்லும். விளக்கைக் குனியவைத்துத் தரையை மட்டும் பார்க்கச் செய்யலாம், பத்து மணிக்கு மேல் அணைக்கலாம். இதற்கெல்லாம் ஒன்றும் பெரிய செலவில்லை.

பிளானைக் கொண்டுவந்த பிள்ளை என்னிடம் கேட்டான்: "ஆழப்படுத்தினா நிறையத் தண்ணி நிக்குமே தாத்தா?"

நிற்கும், வந்தால். வரத்துக்கால்வாயை அடைத்துவிட்டுக் குழியை மட்டும் ஆழமாக்கினால், வருவது சாக்கடை ஒன்றுதான். முன்பு நாலடி நின்ற சாக்கடை இனி எட்டடி நிற்கும். தூர் வாரக் கூடாது என்று சொல்லவில்லை. கரைக்குப் பக்கத்தில், மதகடியில், மேவின வண்டலை எடுங்கள். மேட்டுப் பக்கத்துச் சரிவை மட்டும் தொடாமல் விடுங்கள், அங்கே கரையும் போடாதீர்கள். சாக்கடை உள்ளே வரும் இடத்தை முதலில் பாருங்கள். எந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை, எந்த அடுக்குமாடியின் சுத்திகரிப்பு நிலையம் ஓடாமல் சும்மா நிற்கிறது, ராத்திரி கழிவுநீர் லாரி எங்கே வந்து திறந்துவிடுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த அடுக்குமாடியில்தான் உங்களில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாக்குப் பையோடு ஏரிக்கரையில் நிற்பதற்கு எல்லோரும் கைதட்டுவார்கள், இதற்குத் தட்டமாட்டார்கள். இதுதான் கஷ்டமான பகுதி, செய்ய வேண்டியதும் இதுதான்.

உங்களில் இரண்டு மூன்று பேர் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அப்ரூவல் இருக்கிறது, ரெரா எண் இருக்கிறது, பேங்க் லோன் கொடுக்கிறது என்பார்கள். அதெல்லாம் கட்டடம் காகிதத்தில் சரியாக இருக்கிறது என்று சொல்லும். தண்ணீர் வருமா என்று சொல்லாது. அதை இடம்தான் சொல்லும். பக்கத்துக் காலி மனையில் கோரையோ சம்போ முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அஸ்திவாரத்துக்கு வெட்டிப் போட்ட மண் கறுப்புக் களியாக, நத்தை ஓடு கலந்து இருந்தால் அங்கே தண்ணீர் வெகுகாலம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். சுற்றுவட்டத்தில் பழைய வீடு இருந்தால் சுவரில் தண்ணீர்க் கோடு தேடுங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மாடிப்படிக்கு அடியில் தேடுங்கள், அங்கே அடிக்க மறந்திருப்பார்கள். பெட்டிக்கடைக்காரரிடம் 2015இல் கடையில் எதுவரை தண்ணீர் என்று கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், வாய்க்காலைத் தேடுவோம். நம் ஏரியின் கலங்கலிலிருந்து கீழ் ஏரி வரை ஒரு குழு, நம் ஏரிக்கு மேலே ஒரு குழு. புரட்டாசிக்குள் முடித்தால் நல்லது. மழை பிடித்துவிட்டால் அதிகாரிகளுக்கு வேறு வேலை வந்துவிடும். கிராமப் படத்தை முதலில் வாங்குங்கள். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் இப்போது அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம், எங்கள் காலத்து மாதிரி தாலுகா அலுவலகத்தில் கால்கடுக்க நிற்க வேண்டாம். ஆனால் இணையத்தில் இருப்பது புதிய கணக்கு. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் மனுப் போட்டுக் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பழையதில் வாய்க்காலாக இருந்து புதியதில் வேறாக மாறின எண் ஏதாவது இருந்தால் சிவப்பு மையில் சுழியுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிட மறக்காதீர்கள். மனுவில் யார் பெயரையும் எழுத வேண்டாம், சர்வே எண்ணை மட்டும் எழுதுங்கள். பெயரை எழுதினால் சண்டையாகும், எண்ணை எழுதினால் கோப்பு நகரும். வாய்க்கால் ஒரு எண்ணோடு முடியாது, பத்துப் பதினைந்து எண்ணைத் தாண்டிப் போகும். அத்தனைக்கும் படம் வாங்கி ஓரத்தோடு ஓரம் ஒட்டுங்கள். லிங்க் கணக்கை அடியாக மாற்றுவதில் சந்தேகம் வந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், அளவுகோல் என்னிடம் இருக்கிறது.